காஞ்சொறி வளர்த்தவர்

சலவைக்கூடத்தில் அவருக்கு மடிப்பு என்று பெயர். தங்கும் விடுதிகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளையும் தலையணை உறைகளையும் பாதி ஆயுளாகத் தேய்த்துக்கொண்டிருக்கிறவர். யாரோ ஒருத்தர் தலை வைத்துக் கசக்கப்போகிற உறைதான். ஆனாலும் மடிப்பு நேராக விழவில்லை என்றால் தண்ணீர் தெளித்து மறுபடி தேய்ப்பார். பக்கத்தில் வாஷிங் மெஷின் பார்க்கிறவருக்கு இது பெரிய வேடிக்கை.

"மடிப்பண்ணே, அவங்க தூங்கப் போறாங்க. பரீட்சை எழுதப் போகல."

"படுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாப்பாங்கல்ல?"

"பாத்துட்டு?"

"பாத்துட்டுப் படுக்கட்டும்."

இதை அவருடைய பெருமையாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வேறு மாதிரி தேய்க்க அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். தெரிந்த ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்கிற மனிதர். அந்தக் குணம் நல்லதா கெட்டதா என்பது, அவர் எதைச் செய்துகொண்டிருந்தார் என்பதைப் பொறுத்தது.

அவருடைய அக்காவுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. சில தெருக்கள் தள்ளி ஒரு பேக்கரியில் கேக்குகளின் மேல் பெயர் எழுதுவது அவள் வேலை. முதலாளியிலிருந்து மாவு பிசைகிறவர் வரை எல்லோருக்கும் அவள் எழுத்தக்கா. காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி, உள்ளே க்ரீமை அடைத்து, நுனியைக் கத்தரித்து, உள்ளங்கையில் வைத்து அழுத்திக்கொண்டே எழுதுவாள். கூம்பில் இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது, கடைசி எழுத்துக்குப் போதுமா என்பதைப் பிரித்துப் பார்க்கமாட்டாள். கை சொல்லிவிடும். நீளமான பெயர்களைக் கண்டால் மற்றவர்கள் இடத்தை இரண்டு தடவை அளப்பார்கள். அக்காவின் பெயர்கள் கேக்கின் விளிம்புக்கு முன்னால் ஒழுங்காக வந்து நின்றுகொள்ளும்.

அக்காவின் கணவர் இறந்தபோது, துணைக்கு ஒரு மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று பெட்டியோடு வந்தவர் மடிப்பு. அந்த மாதம் இன்னும் முடியவில்லை. அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. அக்காவுக்குப் பிள்ளை இல்லை. மூன்றாம் மாடியில் இரண்டு அறை, ஒரு சமையலறை, ஆள் நின்றால் துணி காயப்போட முடியாத ஒரு பால்கனி. காலையில் சண்டை போட்டுக்கொள்ள அது போதுமான இடமாக இருந்தது.

ஒரு நாள் பல் துலக்கும்போது அக்காவின் கையிலிருந்து பிரஷ் விழுந்தது. எடுத்தாள். மறுபடி விழுந்தது. மூன்றாவது தடவை எடுக்கவில்லை. குழாயடியில் நின்றபடியே, "டேய், இங்க கொஞ்சம் வாயேன்" என்றாள். அந்தக் குரலில் அவள் தன்னைக் கூப்பிட்டு அவர் கேட்டதே இல்லை.

மூளையில் ஒரு சின்ன ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது என்றார் மருத்துவர். பெரிய ஆபத்து இல்லை. பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை, நடைக்கும் ஆகவில்லை. வலது கைகூட அசைகிறது. அந்தக் கையில் என்ன படுகிறது என்பதுதான் மேலே போய்ச் சேரவில்லை.

"உணர்ச்சி திரும்ப வருமா டாக்டர்?"

"வரலாம். வராமலும் போகலாம். காத்திருந்து பாக்கணும்."

அந்தக் கை ஒரு விசித்திரமான கையாக வீட்டுக்கு வந்தது. விரல்கள் மடங்கின, நீண்டன, சொன்னதையெல்லாம் செய்தன. திரும்பப் பதில்தான் சொல்லவில்லை. தம்ளரைப் பார்த்துக்கொண்டே பிடித்தால் தம்ளர் கையில் இருக்கும். யாராவது கூப்பிட்டு அக்கா திரும்பினால் தரையில் இருக்கும். பித்தளைத் தம்ளர்கள் நசுங்கின. கண்ணாடித் தம்ளர்களை மடிப்பு மேல் தட்டில் ஏற்றி வைத்தார். பேக்கரி முதலாளி ஆள் அனுப்பி, அவசரமில்லை, கை சரியானதும் வரட்டும் என்று சொன்னார். கை சரியானால் அக்காவுக்கு அவளுடைய வேலை இருக்கிறது. சரியாகாவிட்டால் எழுத்தக்கா என்ற பெயர் மட்டும் இருக்கும். இரண்டு பேருக்கும் இது தெரியும். இதைப் பற்றி வீட்டில் பேச்சே எழவில்லை.

சலவைக்கூடத்தில்தான் பேச்சு எழுந்தது.

"எங்க மாமியாருக்கு முட்டி மரத்துப் போச்சு" என்றார் வாஷிங் மெஷின்காரர். "யாரோ காஞ்சொறிய வச்சு நாலு இழு இழுத்தாங்க. எந்திரிச்சு ஓடினாங்க."

"முட்டி சரியாகியா?"

"எரிச்சல்ல."

"முட்டி என்னாச்சு?"

"அது சரியாத் தெரியலண்ணே. ஆனா அன்னைக்கு நல்லா ஓடினாங்க."

சலவைக்கூடத்துக்குப் பின்னால், கழிவுநீர் ஓடும் சுவரோரம் காஞ்சொறி தானாகவே மண்டிக் கிடந்தது. இலை ஓரமெல்லாம் ரம்பப் பல், தண்டு முழுக்கப் பூனை மயிர் போல முள். கால்வாய் அள்ள வருகிறவர்கள் அதைத் திட்டாமல் அந்தப் பக்கம் போனதில்லை. மடிப்பு வெறுங்கையால் ஒரு செடியைப் பிடித்து, மண்ணைக் கிளறி, மஞ்சள் வேரோடு உருவினார். வாஷிங் மெஷின்காரர் வாயைப் பிளந்தார்.

"அண்ணே, அது கையா, செருப்புத் தோலா?"

இஸ்திரிப்பெட்டி பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன கை. முள் அதில் இறங்கவில்லை. அப்படியானால் இது கொட்டுகிற செடிதானா என்று மடிப்புக்கே சந்தேகம் வந்து, இலையை முழங்கைக்கு உள்பக்கம் தடவிப் பார்த்தார். அன்று சாயங்காலம் வரை ஒரு கையாலேயே தேய்த்தார்.

காஞ்சொறியை யாரும் வளர்ப்பதில்லை. வேண்டாத இடத்தில் அதுவே வளரும். வேண்டும் என்று தொட்டியில் வைத்தபோதுதான் அதற்கும் மனசு உண்டு என்பது மடிப்புக்குத் தெரிந்தது. சோப்புத் தண்ணீர் ஓரம் வளர்ந்த செடிதானே என்று துணி அலசிய தண்ணீரை ஊற்றினார். இலை வெளுத்தது. பிறகு காய்கறி கழுவிய தண்ணீர், வடிகட்டிய தேயிலைச் சக்கை. செடி தேறிக்கொண்டது. நிழலில் வைத்துத் தினமும் ஊற்றினால் இலை உள்ளங்கை அகலத்துக்கு வந்தது. ஆனால் கொழுத்த இலையில் கொட்டு இல்லை. வெயிலுக்கு நகர்த்தி, தண்ணீரைக் குறைத்து, கொஞ்சம் வாடவிட்டு வளர்த்தால் சின்ன இலை, நல்ல காரம். பூச்சரம் தொங்க ஆரம்பித்தால் தரையோடு வெட்டிவிட வேண்டும். வெட்டுப்பட்டு எழுகிற தளிர் முன்னைவிடக் கோபமாக வரும். வேர் தொட்டிக்குள் வட்டமடித்து, வழி கிடைக்காமல், அடி ஓட்டை வழியாக எட்டிப் பார்க்கும். அதை வெட்டி இன்னொரு தொட்டியில் வைத்தால் இன்னொரு செடி.

ஒரு செடி அதிகமாகத் துன்புறுத்த வேண்டும் என்பதற்காக அதை அக்கறையோடு பராமரிப்பது விநோதமான தொழில். மடிப்பு அப்படி யோசித்தவர் இல்லை. தினமும் காலையில் பறித்த இலையை முதலில் தன் முழங்கையில் வைத்துப் பார்ப்பார். சுள்ளென்றால் தலையை ஆட்டிக்கொள்வார்.

முதல் நாள் அக்கா நாற்காலியில் உட்கார்ந்து, கையை மேசைமேல் ஒரு பார்சல் மாதிரி எடுத்து வைத்தாள்.

"அழுத்தாதடா. ஒப்புக்குத் தடவு."

"அழுத்தினாத்தான்க்கா கொட்டாது. முள்ளு படுத்துக்கும். லேசாப் பட்டாத்தான் ஏறும்."

"பெரிய வைத்தியன்."

இலை புறங்கைமேல் போனது. அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒன்றும் தெரியவில்லை என்றாள். சற்று நேரத்தில் அந்த இடம் சிவந்து, கொசு கடித்ததுபோல் தடிப்புகள் ஒவ்வொன்றாக எழுந்தன.

"அக்கா, எந்திரிக்குது பாரு."

"ஆமா, எந்திரிக்குது." அடுத்த வீட்டுக் குழந்தை நடப்பதைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "ஆனா எனக்குத் தெரியலயே."

தோலுக்குச் சேதி போய்விட்டது. தோலுக்குச் சொந்தக்காரிக்குப் போகவில்லை. மடிப்பு இதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டார். வாசல் வரை வந்தவர் உள்ளே வராமலா போய்விடுவார் என்பது அவர் கணக்கு. ஒரு தடவை ஆஸ்பத்திரியில், அக்கா ரப்பர் பந்தைப் பிசைந்துகொண்டிருந்த நேரத்தில், கைப்பயிற்சி கொடுக்கும் பெண்ணை வராந்தாவில் மடக்கி, தடிப்பைப் பற்றிக் கேட்டார். அவள் பொறுமையானவள்.

"தோல் தடிக்கறது தோலோட வேலைங்க. அது மூளையக் கேட்டுட்டுத் தடிக்காது. அத வச்சு உணர்ச்சி வருதுன்னு சொல்ல முடியாது."

"அப்ப வராதுங்களாம்மா?"

"நான் அப்படியும் சொல்லலயே. புண்ணாகாமப் பாத்துக்குங்க."

"சரிம்மா" என்றார். அந்தப் பதிலில் தனக்கு வேண்டிய பாதியை மட்டும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. மருத்துவர் காத்திருக்கச் சொன்னார். காத்திருப்பது ஒரு வேலையே அல்ல. தண்ணீர் ஊற்றுவது வேலை. கிள்ளுவது, வெட்டுவது, வெயிலுக்குத் தொட்டி நகர்த்துவது எல்லாம் வேலை. ஒன்றுமே செய்ய முடியாத மனிதருக்குக் காலையில் எழுந்து செய்ய ஏதாவது இருந்தது.

அப்புறம் ஒரு காலையில், இலை கட்டைவிரலுக்குக் கீழே போனபோது, அக்கா "ஸ்" என்றாள்.

மடிப்பின் கை நின்றது.

"என்னக்கா?"

"சுருக்குன்னுச்சு."

"நிஜமாவா?"

"பொய் சொல்லி எனக்கு என்னடா ஆகப்போகுது? சுருக்குன்னுச்சு. குண்டூசி குத்தின மாதிரி."

அவர் பால்கனிக்குப் போய், ஏற்கெனவே தண்ணீர் ஊற்றிய செடிகளுக்கு இன்னொரு தடவை ஊற்றினார். அன்று சலவைக்கூடத்தில் அவர் தேய்த்த உறைகளில் சில கோணலாக மடிந்திருந்ததை வாஷிங் மெஷின்காரர் பார்த்தார். பார்த்துவிட்டு, முதல்முறையாகக் கேலி செய்யாமல் விட்டார்.

தொட்டிகள் பெருகின. உடைந்த வாளி, பெயின்ட் டப்பா, கைப்பிடி போன குக்கர், எல்லாவற்றிலும் காஞ்சொறி. பால்கனிக் கம்பிக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு நின்றது. காற்றடித்த ஒரு நாள் உதிர்ந்த இலை ஒன்று கீழ்வீட்டுத் துண்டில் போய் ஒட்டிக்கொள்ள, அந்த வீட்டுக்காரர் குளித்துவிட்டு அதால் முதுகைத் துடைத்துக்கொண்டார். கீழ்வீட்டம்மா படியேறி வந்தார்.

"என்ன சார் வளக்கறீங்க? எங்க வீட்டுக்காரர் உள்ள ஆடிட்டிருக்கார்."

"மன்னிச்சுக்குங்கம்மா. அக்கா கைக்கு மருந்து."

"கைக்கு மருந்துன்னா கையில வைங்க. எங்க வீட்டு முதுகுல ஏன் வைக்கறீங்க?" என்றவர், உள்ளே நாற்காலியில் இருந்த அக்காவைப் பார்த்ததும் குரலை இறக்கினார். "இப்ப தேவலயா எழுத்தக்கா?"

"எரியுது" என்றாள் அக்கா. அவள் முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

எரிகிறது என்று சொல்வதில் ஒருவருக்கு அவ்வளவு சந்தோஷம் இருக்க முடியும் என்பதைக் கீழ்வீட்டம்மா நம்பாமல் பார்த்துவிட்டுப் போனார்.

இதற்குப் பிறகு நடந்தது மிகச் சின்ன விஷயம். ஒரு காலை, பறித்த இலையோடு மடிப்பு மேசைக்கு வந்து கையை நீட்டினார். வெளியே வண்டிச் சத்தம் கேட்டதில் ஒரு கணம் தயங்கினார். இலை புறங்கைக்கு இரண்டு விரற்கடை மேலே நின்றது. படவில்லை.

"ஸ்" என்றாள் அக்கா. முகம் சுருங்கியது. கண்ணோரம் நீர்கூடத் துளிர்த்தது.

மடிப்பு இலையை இறக்கித் தடவினார். வழக்கம்போல் தடிப்பு எழுந்தது. வழக்கம்போல் ஈரத்துணி வைத்தார்.

தான் பார்த்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை. தன்னிடமும் சொல்லிக்கொள்ளாமல் இருக்கப் பார்த்தார். இஸ்திரி மேசையில் நிற்கும்போது அது தானாக வந்து நின்றது. அக்கா பொய் சொல்லவில்லை. பொய் சொல்லத் தெரிந்தவள் இல்லை. அந்தக் கண்ணீரும் பொய் இல்லை. இலை வருவதைக் கண் பார்க்கிறது. கை எரிகிறது. எரிந்தது கையா, கண்ணா? எரிகிறவருக்கு எரிச்சல்தான் தெரியும், அது எந்த வழியாக வந்தது என்பது தெரியாது. பக்கத்தில் நிற்கிறவருக்கு வழி தெரிகிறது, எரிச்சல் தெரியவில்லை. இதில் யாருடைய வார்த்தைக்கு எடை அதிகம்? அவளுக்கு உண்மையாகவே கிடைத்திருக்கிற ஒன்றை, அது உனக்குக் கிடைக்கவில்லை என்று எப்படிப் போய்ச் சொல்வது? இதை முடிவு செய்ய அவருக்குத் தெரியவில்லை. இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்று விட்டார். அது இரக்கமா கோழைத்தனமா என்று கேட்டால், அந்த நேரத்தில் இரண்டும் ஒரே மாதிரி இருந்தன என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்தக் கொஞ்ச நாளுக்குள் பேக்கரி முதலாளி வீட்டுக்கே வந்துவிட்டார். மூச்சிரைக்க மாடி ஏறி வந்து, கொண்டுவந்த ரொட்டிப் பாக்கெட்டை மடியில் வைத்தபடியே உட்கார்ந்தார். கல்யாண சீசன் வருகிறது, புதிதாக ஒரு ஆளைப் பார்த்து வைத்திருக்கிறேன், கேட்காமல் சேர்க்க மனசு வரவில்லை என்றார்.

"நான் திங்கக்கிழம வர்றேன்" என்றாள் அக்கா.

"கை?"

"உணர்ச்சி வந்துடுச்சுங்க. இவனக் கேளுங்க, தினம் பாக்கறான்."

முதலாளி மடிப்பைப் பார்த்தார். அக்காவும் பார்த்தாள். சொல்ல வேண்டிய இடம் அதுதான். மடிப்புக்கு அது தெரிந்தது.

"வரட்டும் முதலாளி" என்றார். "எழுதிப் பாக்கட்டும்."

திங்கட்கிழமை அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு அவரும் கூடப் போனார். பேக்கரியின் பின்கட்டில், அடுப்புச் சூடும் வெண்ணெய் வாசனையுமாக இருந்த அறையில், எல்லோரும் வேலையாக இருப்பதுபோல் காட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாவு பிசைகிறவர் மேசையைத் துடைத்துக் கொடுத்தார். புதிதாகச் சேரப்போகிற பெண் கதவோரம் நின்றாள். விற்பனைக்கு இல்லாத, ஓரம் கருகிய ஒரு கேக்கை நடுவில் வைத்தார்கள்.

அக்கா காகிதத்தைச் சுருட்டினாள். கண்ணால் ஒவ்வொரு விரலையும் பார்த்துப் பார்த்துச் சுருட்டினாள். மெதுவாகத்தான், ஆனால் கூம்பு சரியாக வந்தது. க்ரீமை அடைத்தாள். நுனியைக் கத்தரித்தாள். குனிந்தாள்.

முதல் எழுத்து பழைய எழுத்தக்காவின் எழுத்து. மாவு பிசைகிறவர் மூச்சை விட்டது மடிப்புக்குக் கேட்டது. கூம்பைப் பிடித்த கையைப் பார்த்துக்கொண்டே அதை எழுதியிருந்தாள். எழுத்து கோட்டிலிருந்து சற்று இறங்கியிருந்தது. அதைச் சரிக்கட்ட அடுத்த எழுத்தின்மேல் கண்ணை வைத்தாள். கண் கையை விட்டது. கை தனக்குத் தெரியாத ஒரு பலத்தோடு அழுத்தியது. கொம்பு வர வேண்டிய இடத்தில் ஒரு க்ரீம் உருண்டை விழுந்தது. சட்டென்று கையைப் பார்த்தாள். அழுத்தம் குறைந்தது. எழுத்து எங்கேயோ போனது. மறுபடி எழுத்தைப் பார்த்தாள். கூம்பின் பின்பக்கம் வெடித்து, விரலிடுக்கு வழியாக க்ரீம் பிதுங்கி மணிக்கட்டு வரை வழிந்தது. அது வழிவது தெரியாமல் அக்கா இன்னும் அழுத்திக்கொண்டே இருந்தாள். அவள் கண் கேக்கின்மேல் இருந்தது.

எழுத்தைப் பார்த்தால் கையைப் பார்க்க முடியாது. கையைப் பார்த்தால் எழுத்தைப் பார்க்க முடியாது. ஒருவருக்கு இருப்பது ஒரு ஜோடிக் கண்.

மடிப்பு ஓர் அடி முன்னால் வைத்தார். பிறகு நின்றார். என்ன செய்வதற்காக அந்த அடியை வைத்தோம் என்று அவருக்குத் தெரியவில்லை.

"போதும்க்கா" என்றார் முதலாளி. ரொம்ப மெதுவாகச் சொன்னார். "பெட்டி கட்டற இடத்துல ஒரு ஆள் வேணும். உக்காந்து செய்யற வேலதான்."

அக்கா கையைப் பார்த்தாள். அப்போதுதான் க்ரீமைக் கண்டாள்.

"கயிறு கட்டறதுக்கும் கையப் பாக்கணும்" என்றாள். "பாத்துக்கிட்டே கட்டினா, நீங்க கூப்பிட்டா நான் நிமிர முடியாது. முதலாளி கூப்பிட்டு நிமிராம இருந்தா நல்லா இருக்குமா?"

யாரோ சிரிக்க முயன்றார்கள். கதவோரம் நின்ற பெண் ஈரத்துணி கொண்டுவந்து, அக்காவின் கையைத் துடைத்துவிட்டாள். துடைப்பது முடிந்துவிட்டதா என்று அக்கா பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் வெயில் ஏறியிருந்தது. அக்கா வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

"எரியுதுன்னு சொன்னேன்ல. அது பொய் இல்லடா."

"தெரியும்க்கா."

"உனக்கு எப்படித் தெரியும்?"

அவர் அவளை நிழல் பக்கமாகத் திருப்பிவிட்டார். அக்கா கொஞ்ச தூரம் நடந்தாள்.

"பொய் இல்லன்னா, அப்ப அது என்னது?"

"தெரியலக்கா."

"ஒண்ணும் தெரியாதா உனக்கு? இத்தன தொட்டி வச்சிருக்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

மறுநாள் அவர் செடிப் பக்கம் போகவில்லை. அக்காவும் கேட்கவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. தண்ணீர் காணாத செடிகள் வாடிச் சுருண்டு, அதனாலேயே முன்னைவிடக் காரமாக நின்றுகொண்டிருந்தன. மூன்றாம் நாள் காலை, சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியவரை அக்கா கூப்பிட்டாள். நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வலது கை மேசைமேல் இருந்தது.

"இலை கொண்டா."

"வேணாம்க்கா. விடு."

"கொண்டான்னு சொல்றேன்ல."

பால்கனிக்குப் போனார். உடைந்த வாளியிலிருந்த செடியில் மேல்தளிருக்குக் கீழே இருந்த இலையைப் பறித்து முழங்கையில் வைத்துப் பார்த்தார். சுள்ளென்று ஏறியது. அவ்வளவு கொட்டு கொட்டிய இலை அதுவரை வந்ததில்லை. உள்ளே வந்தபோது அக்கா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்குப் பாக்கமாட்டேன்" என்றாள். "நீ சும்மா வை. நான் சொல்றேன்."

மடிப்பு நாற்காலியை இழுத்து எதிரே உட்கார்ந்தார். இலையைப் புறங்கைமேல் லேசாக, மணிக்கட்டிலிருந்து விரல் கணு வரை கொண்டுபோனார். அக்காவின் கழுத்தைப் பார்த்தார். அது அசையவில்லை. இன்னொரு தடவை கொண்டுபோனார். கட்டைவிரலுக்குக் கீழே, அவள் முதன்முதலில் குண்டூசி என்று சொன்ன இடத்தில், இலையைத் திருப்பித் திருப்பித் தடவினார். தோல் சிவந்தது. ஒரு தடிப்பு எழுந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. மெல்ல மெல்லப் புறங்கை முழுவதும் எழுந்து நின்றது.

அக்கா சுவரைப் பார்த்தபடி காத்திருந்தாள்.

"வச்சிட்டியா?" என்று கேட்டாள்.

மடிப்பு கையிலிருந்த இலையைப் பார்த்தார்.

"இன்னும் இல்லக்கா."

"சீக்கிரம் வைடா" என்றாள் அக்கா. "கழுத்து வலிக்குது."